கீழ்க்கிணற்றுக்காரி

போன மாதம் எங்கள் பழைய முதியோர் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பராமரிப்பாளர்களுக்கு நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். ஓய்வு பெற்று எட்டு மாதம். வீட்டில் என் கதையைக் கேட்க ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடந்தது. வரட்டுமா என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டேன். நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, சுவிஸில் நான் இருக்கிற ஆராவ் நகர ஸ்டேசனில் பஸ் ஏறி மேலே போனேன்.

அங்கே ஒரு பெரிய மாற்றம். நாங்கள் கையால் எழுதிய றப்போர்ட்டை இப்போது ஒரு சின்னத் திரை எழுதுகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து நாலு சொல் சொல்ல, அது பத்து வரி எழுதித் தருகிறது. சும்மா இருக்க மாட்டாதவள் நான். என்னிடம் தாருங்கள் என்று வாங்கி, "வயதான பெண், பூச்சாடி, கையும் காலும் ஓயவில்லை" என்று சொல்லிப் பார்த்தேன். "குடியிருப்பாளர் அமைதியின்றிக் காணப்பட்டார். பூஞ்செடிகளைச் சேதப்படுத்தினார்" என்று வந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கிட்டத்தட்ட இதே வரியை நான் என் கையால் எழுதினேன். அந்த வரி ஒரு மனுசியைக் கதவு பூட்டிய வார்டுக்கு அனுப்பியிருக்கும். மயிரிழையில் தப்பினோம்.

அந்தக் கதையைத்தான் பத்து நிமிடத்தில் டொச்சில், அதுதான் இங்கத்தைய ஜெர்மன் பாசையில், சொன்னேன். டொச்சில் எனக்கு வேலை செய்யத் தெரியும், சண்டை பிடிக்கத் தெரியும், கதை சொல்லத் தெரியாது. அதனால் முழுக் கதையையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். இங்கிலீசிலும் டொச்சிலும் நடந்த பேச்சையெல்லாம் என் வாய்த் தமிழில்தான் தருவேன். குறை நினைக்கக் கூடாது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துக்காரி. இருபத்துமூன்று வயதில் இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஹோட்டல் அறை கூட்டினேன். பிறகு இந்த இல்லத்தின் சலவை அறையில் ஆறு வருடம். ஆளைப் பார்க்காமலே படுக்கை விரிப்பைப் பார்த்து ஆருக்கு என்ன நோய் என்று சொல்லுவேன். அதைக் கேட்டுத்தான் மேலே கூப்பிட்டார்கள். உதவியாளர் பயிற்சி முடித்தேன், டொச் சோதனையில் ஒருதரம் கோட்டைவிட்டேன், நாற்பத்தொரு வயதில் முழுப் பராமரிப்பாளர் தராதரம் எடுத்தேன். வதிவிட உரிமைக்கு மட்டும் பதினொரு வருடம் காத்திருந்தேன். அவ்வளவுதான் என் படிப்பும் பட்டமும்.

எங்கள் மாடிக்குப் பொறுப்பாக இருந்தவர் பிறாவ் ஸ்டோக்கர்; டொச்சில் பிறாவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. நெடுவல், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மத்தியானம் ஒன்றரைக்குக் காலைக்காரர் வேலையை மாலைக்காரரிடம் ஒப்படைக்கும்போது நாங்கள் எல்லோரும் இருப்போம், அவர் மட்டும் நிற்பார். றப்போர்ட் தாளின் நடுவே அவரே ஒரு கோடு கிழித்திருந்தார். இடப்பக்கம் கண்டது. வலப்பக்கம் நினைத்தது. அறையில் ஒரு பூனை இருந்திருந்தால் அதுவும் கண்டிருக்கக்கூடியதுதான் இடப்பக்கம் வரலாம் என்பது அவருடைய சட்டம். பூனை "முரட்டுத்தனம்" என்றொன்றைக் காணாது, கோப்பை பறப்பதைத்தான் காணும். நினைத்ததைக் கண்டதாக எழுதினால் அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, தாளை எங்கள் பெட்டியில் திரும்பப் போட்டுவிடுவார். ஏச்சும் இல்லை, விளக்கமும் இல்லை. அந்தக் கோட்டுக்குப் பயந்த அளவுக்கு நான் இந்த நாட்டில் பொலிசுக்கும் பயந்ததில்லை.

எனக்கு முதல் கோடு விழுந்தது ஹெர் வூத்ரிக் என்ற, மாடும் வயலும் வைத்திருந்த பழைய கமக்காரரால். அவர் தேநீர்க் கோப்பையைத் தட்டி எறிவார். நான் "முரடர்" என்று எழுதினேன். கோடு. "கோபக்காரர்" என்று மாற்றினேன். கோடு. மூன்றாம் தரம் ஆத்திரத்தில் அவர் முன்னாலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தேன். இடப்பக்கத்தில் வைத்த கோப்பை மட்டும் பறந்தது, வலப்பக்கத்தில் வைத்ததை மனுசன் அமைதியாகக் குடித்தார். இடக்கண் பார்வை போயிருந்தது, ஒருவருக்கும் தெரியாது. திடீரென்று கைக்குக் கிட்ட ஏதோ வந்தால் தட்டுவார், அவ்வளவுதான். கண்டதை எழுதிக் கொடுத்தேன். பிறாவ் ஸ்டோக்கர் வாசித்துவிட்டு "நல்லது" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் சொல் இல்லை.

இவ்வளவும் கற்ற பிறகும் நான் பிழைவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பிறாவ் கெல்லர் எங்களிடம் வந்தபோது அவருக்கு எண்பத்தாறு வயது. பெயர்தான் சுவிஸ் பெயர், கணவரின் பெயர். ஆள் இங்கிலாந்தில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர், டொறத்தி. சுவிஸ் இயந்திரப் பொறியியலாளர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இளவயதில் ஆராவுக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்தவர். மறதி நோய் முதலில் டொச்சைத் தின்றது. பிறகு கணவரின் சாவைத் தின்றது. மிஞ்சியது அந்தக் கிராமத்து இங்கிலீசு. அது தொலைக்காட்சியில் வரும் இங்கிலீசும் இல்லை, பாதிச் சொல்லை விழுங்குகிற பாசை. பள்ளிக்கூட இங்கிலீசு கொஞ்சம் தெரிந்தவள் என்று அவரை என் தலையில் கட்டினார்கள். ஒரே மகன் மார்ட்டின் ஓர்லிகோன் என்ற வேறு ஊரில் இருந்தார். ஞாயிறு தவறாமல் வருவார். தாய் அவரைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பாவம், அவரும் அந்தப் பெயருக்கு ஓம் சொல்லப் பழகிவிட்டார்.

பனிக்காலம் முழுவதும் டொறத்தி யன்னலோரம் பேசாமல் இருந்தார். யன்னலுக்கு நேரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஊரின் கல் நீர்த்தொட்டி. மலையிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீர் இரவு பகலாக அதில் விழும். மே மாதக் கடைசியில் மனுசி திடீரென்று எழும்பினார். பல்கனி ஜெரேனியம் எல்லாம் மொட்டையானது. சாப்பாட்டு மேசைகளில் இருந்த உப்புக் குப்பிகள் காணாமல் போயின. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, பெரிய பூத்தொட்டிக்குள் ஏறி நின்று மண்ணை மிதித்தார். கோப்பிக்கொட்டையை உடுப்புப் பைக்குள் நிரப்பினார். இரண்டு தரம் வாசல் தாண்டித் தெருவைக் கடந்து நீர்த்தொட்டிக்குப் போனார். இரண்டாம் தரம் ஒரு கார் பிறேக் அடித்த சத்தம் மாடிவரை கேட்டது.

மருந்து கொடுத்தார்கள். மூன்று நாள் சூப்புக்கு முன்னால் தலை தொங்கத் தூங்கினார். நிறுத்தினார்கள். பிறகு வைத்தியர், இவரைப் பூட்டிய வார்டு உள்ள ஒரு மருத்துவமனைக்கு மாற்றுவதுதான் பாதுகாப்பு என்றார். நான் அந்த வார்டைக் கண்டிருக்கிறேன். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள். ஆனால் கதவுக்கு இலக்கப் பூட்டு, யன்னலுக்கு வெளியே கார்த் தரிப்பிடம், அவருடைய இங்கிலீசுக்குப் பதில் சொல்ல ஒரு சீவன் இல்லை. அங்கே போனால் ஒரு மாதத்தில் பேச்சை விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். மகன் களைத்துப்போய், எங்கே இருக்கிறோம் என்பதே அம்மாவுக்குத் தெரியாதுதானே, கையெழுத்து வைக்கிறேன் என்றார். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு இரண்டு கிழமை கழித்து நாள் குறித்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கான றப்போர்ட்டை எழுத வேண்டியவள் நான். இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள்.

எங்கள் குசினிச் சமையலுக்குப் பொறுப்பு சிவம் அண்ணை, ஊரில் பக்கத்துத் தெருக்காரர். உப்புக் குப்பி தேடி மேலே வந்தார்.

"என்ன பிள்ளை, உன்ர வெள்ளைக்கார ஆச்சி என்ர மேசையில ஒரு உப்பும் விடுறா இல்லை."

"அவ நாவூறு கழிக்கிறா அண்ணை. பூத்தொட்டியைச் சுத்தி உப்புப் போடுறா. நான் கண்டனான்."

"இங்கிலாந்துக்காரிக்கு ஆரடி இஞ்ச வந்து கண் வைச்சது?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்த வாயோடு போய் எழுதினேன். அமைதியின்றி இருக்கிறார், செடிகளை நாசமாக்குகிறார், உப்பால் ஏதோ சமயச் சடங்கு செய்கிறார். மூன்றையும் இடப்பக்கத்தில், கண்டது என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். எங்கள் வீட்டில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதைக் கண்டு வளர்ந்த கண் எனக்கு. உப்பைக் கண்டதும் மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொண்டது.

தாள் திரும்பி வந்தது. மூன்று வரிக்கும் கோடு. பென்சில் அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. அன்றைக்குத்தான் பிறாவ் ஸ்டோக்கர் முதன்முதலாக வாய் திறந்து விளக்கம் சொன்னார். "இந்தத் தாளை வைச்சுத்தான் ஒரு ஆளை வீட்டை விட்டு அனுப்பப் போறம். உங்களுக்கு ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் தாறன். அவவுக்குப் பக்கத்தில இருங்கோ. பாருங்கோ. நினைக்க வேண்டாம்." மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆள் பற்றாக்குறையில் இவளுக்கு மட்டும் இருந்து பார்க்கச் சம்பளமோ என்று. அவர் காதில் வாங்கவில்லை.

இருந்து பார்த்தேன். முதல் நாளே என் முகத்தில் கரி. டொறத்தி செடியை நாசமாக்கவில்லை. காம்பு, இலை, மொட்டு எதையும் தொடவில்லை. விரிந்த பூவில் இதழை மட்டும் நுள்ளி எடுத்தார். சிவப்பெல்லாம் இடது பைக்குள், வெள்ளையெல்லாம் வலது பைக்குள். உப்பைச் சுற்றிப் போடவில்லை, ஈர மண்ணில் தூவி அதை மிதித்துக் கலந்தார். மிதிப்பதிலும் ஒரு முறை இருந்தது, முதலில் குதி, பிறகு பாதத்தைத் திருப்பி அமத்தல். இடைக்கிடை குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கு இடையில் நசித்துப் பார்த்துவிட்டு, போதாது என்று தலையாட்டினார். மூன்றாம் நாள் ஒரு தட்டத்தில் அந்த மண்ணைப் பரப்பி, கோப்பிக்கொட்டையால் ஒரு கோடு வளைத்து, உள்ளே இதழ்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் எல்லாவற்றையும் இடப்பக்கத்தில் எழுதினேன். தாள் நிறைந்தது, விளக்கம் மட்டும் வரவில்லை.

நாலாம் நாள் கை சும்மா இருக்கவில்லை. பூக்கோலம் போடுகிறவள் அல்லவா, ஒரு சிவப்பு இதழை எடுத்து நடுவில் வைத்தேன். அதுதானே நமக்கு முறை, நடுவில் தொடங்கிச் சுற்றிக்கொண்டு வருவது. புறங்கையில் சளார் என்று ஒரு அடி விழுந்தது. எண்பத்தாறு வயதுக் கை, நல்லாய் நொந்தது.

"கீழ இருந்து வையடி, மொக்குப் பெட்டை. மழைத் தண்ணி எங்கால ஓடுறது?"

நான் அவரைப் பார்த்தேன். சாப்பாட்டு மண்டபம், தலைக்கு மேல் கூரை, மடியில் ஒரு தட்டம். இதில் மழை எங்கே வந்தது? இந்த மனுசி செய்வது வெளியில், மழையில் நிற்க வேண்டிய ஏதோ ஒன்று. அப்போதுதான் அவருடைய அறைச் சுவரில் தொங்கிய படம் நினைவுக்கு வந்தது. கிழமைக்கு ஒருதரம் நான் தூசு தட்டுகிற கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கல் தொட்டி, அதன் முன் வரிசையாகப் பிள்ளைகள், பின்னால் ஆளுயரத்துக்கு ஏதோ தேவாலயச் சித்திரம். கைப்பேசியால் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வண்ணம் தீட்டின சித்திரமே இல்லை. அவ்வளவும் பூவிதழ். பிள்ளைகள் எல்லோருக்கும் முழங்கால் வரை சேறு. சட்டகத்தைக் கழற்றினால் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு ஊர்ப் பெயர்.

அந்த ஊர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்பிஷயர் மலைகளுக்குள் இருந்தது. அங்கே ஊர் வரலாற்றைச் சேர்க்கிற ஒரு சின்னக் குழுவுக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் டொறத்தியின் பெயரையும் அவர் செய்வதையும் எழுதினேன். படத்தையும் அனுப்பினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் அந்தக் குழுவின் செயலாளர், முந்தி அவ்வூரில் தபால் கொண்டு திரிந்த பெண்மணி. கடிதம் என்றால் அது கடிதம், ஐந்து பக்கம்.

அந்த மலை முழுதும் சுண்ணாம்புக் கல்லாம். பெய்கிற மழையை அப்படியே குடித்துவிடும், மேலே ஒரு ஓடையும் நிற்காது. ஊற்று உள்ள இடத்தில்தான் ஊர். மலைச்சரிவில் ஊறிக் கல் தொட்டியில் விழுகிற அந்த ஊற்றுகளைத்தான் அவர்கள் கிணறு என்கிறார்கள். முன்னொரு காலத்தில் பெரிய வறட்சி வந்து சுற்றுவட்டாரம் எல்லாம் வற்றியபோது இந்த ஊரின் கிணறுகள் மட்டும் வற்றவில்லையாம். அந்த நன்றிக்கு ஒவ்வொரு கோடை தொடங்கும்போதும் கிணறுகளுக்குப் பூச்சித்திரம் சாத்துகிறார்கள். பெரிய பலகையை ஆணி அடித்துக் கொஞ்ச நாள் குளத்தில் ஊறப் போடுவார்கள். களிமண்ணைப் பிள்ளைகள் வெறுங்காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். மண் காய்ந்து வெடிக்காமல் இருக்க உப்புச் சேர்ப்பார்கள். கோடுகளுக்குக் கறுப்புக் காயோ கோப்பிக்கொட்டையோ வைப்பார்கள். இதழைக் கீழிருந்து மேலே, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்துவார்கள், மழை வழிந்து ஓடிவிடும். மண்ணில் முளைத்ததைத் தவிர வேறொன்றும் வைக்கக் கூடாது.

அதோடு ஒரு ஊர்ப் போட்டியும் உண்டு. மேல்தெருவுக்கு மேல்கிணறு, கீழ்த்தெருவுக்குக் கீழ்க்கிணறு. ஒரு கிணற்றுக்காரி மற்றக் கிணற்றுப் பலகையில் கை வைத்தால் அந்த வருடம் முழுக்கச் சண்டை. கடிதத்தின் கடைசியில் அந்த அம்மா எழுதியிருந்தார், தன் தாய்க்கு இப்போது தொண்ணூறு ஆகப் போகிறதாம், என் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினாராம். கிழவி எழும்பி இருந்து சொன்னாராம்: "கீழ்க்கிணத்து டொறத்தியோ? தட்டைக் காலி. அவளை மாதிரி மண் மிதிக்க ஊரில ஆள் இல்லை. எங்கட நீல இதழைக் களவெடுத்தவள். நான் இன்னும் மன்னிக்கேல்லை."

வாசித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் விட வெட்கம் வந்தது. மனுசி ஒவ்வொரு நாளும் எங்கள் கண் முன்னால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். பலகை தரவும் ஆள் இல்லை, மண் தரவும் ஆள் இல்லை, உப்புக்குக் களவெடுக்க வேண்டியிருந்தது. யன்னலுக்கு வெளியே கிணறு பூவில்லாமல் நின்றது. அதை நான் நோய் என்று எழுதினேன்.

பிறாவ் ஸ்டோக்கர் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். காதுப் பென்சிலைத் தொடவில்லை. தொலைபேசியை எடுத்தார். கூட்டத்துக்கு இன்னும் ஆறு நாள்.

கட்டடப் பராமரிப்பாளர் ஹெர் பியூர்கி அன்று பின்னேரமே பலகை அடித்தார். ஊறப் போட நீர்த்தொட்டிதான் வசதி, ஆனால் இது சுவிஸ், ஊர்த் தொட்டியில் கைக்குட்டை நனைக்கவும் கேட்க வேண்டும். கிணற்றுக்குப் பூ வைக்க இரண்டு பக்க விண்ணப்பப் படிவம் வந்தது. பிறாவ் ஸ்டோக்கர் நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் "நீண்டகால வழக்கம்" என்று எழுதினார். பொய்யும் இல்லை. நான் சிவம் அண்ணையிடம் மூன்று கிலோ உப்புக் கேட்டேன்.

"அப்ப நாவூறு இல்லையோ?"

"இல்லை அண்ணை. வாயை மூடிக்கொண்டு உப்பைத் தாங்கோ. கோப்பிக்கொட்டையும் வேணும்."

மண் மிதித்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மொட்டை மாடியில் ஒரு பெரிய குளிப்புத் தொட்டி, அதில் குயவரிடம் வாங்கின களிமண். டொறத்தியை இரண்டு பக்கமும் தாங்கி உள்ளே இறக்கினோம். நடக்கும்போது தள்ளாடுகிற அதே கால், மண்ணில் பட்டதும் என்ன உறுதி. தட்டைக் கால் என்று தொண்ணூறு வயது எதிரி சும்மா சொல்லவில்லை. மிதித்துக்கொண்டே எங்களைப் பார்த்து, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், இது ஒராளின்ர வேலையோ என்றார். ஹெர் வூத்ரிக், அந்தக் கோப்பைக்காரர், குனிந்து காலுறையைக் கழற்றினார். பிறகு இன்னும் மூன்று பேர். எண்பதும் தொண்ணூறும் வயதுக் கால்கள் சேற்றில் நிற்க, தாதிமார் கைபிடிக்க, அன்றைக்கு எங்கள் மாடியில் ஒருவரும் மத்தியான மாத்திரை கேட்கவில்லை.

சித்திரத்தை டொறத்தியே குச்சியால் கீறினார். ஒரு மலை, ஒரு தாய் ஆடு, ஒரு குட்டி. சுவிஸ் ஆட்கள் மாடு இல்லாத மலையோ என்று கேட்டார்கள். ஒரு நாள் முழுக்க வழக்கு நடந்து, கடைசியில் மூலையில் ஒரு சின்ன மாட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஊர்ச் சனம் தங்கள் தோட்டத்திலிருந்து பூக் கொண்டுவந்து கொட்டியது. எல்லோரும் இதழ் நுள்ளினார்கள், நிறம் பிரித்தார்கள். ஆனால் பலகையில் வைக்கிற உரிமையை அவர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மாட்டை மட்டும் ஹெர் வூத்ரிக் வைத்தார், அது இங்கிலாந்து மாடு இல்லை என்றபடியால். எனக்கும் ஆசை. கிட்டப் போனேன்.

"நீ எந்தக் கிணறு?" என்று கேட்டார்.

நான் ஒரு கிணறும் இல்லை என்றேன். "அப்ப இதழ் எடுத்துத் தா. பலகையில கை வைக்காதை" என்றார். சரி என்று மூன்று நாள் இதழ் எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டத்தன்று காலை பலகையை நீர்த்தொட்டிக்குப் பின்னால் நிறுத்தினோம். இரண்டு மணிக்கு வைத்தியர், மார்ட்டின், பிறாவ் ஸ்டோக்கர், நான் நாலு பேரும் அறைக்குள் இருந்தோம். வைத்தியர் ஆபத்துகளை வாசித்தார். உப்பு, தெரு, வெறுங்கால், விழுதல். ஒன்றும் பொய்யில்லை. மார்ட்டினுக்கு முன்னால் கையெழுத்துத் தாள் இருந்தது. பிறாவ் ஸ்டோக்கர் என்னைப் பார்த்து, இடப்பக்கத்தை வாசியுங்கள் என்றார். வாசித்தேன். என் உச்சரிப்புக்கு நான் வெட்கப்படாத நாள் அது ஒன்றுதான். எந்தக் காலால் எப்படி மிதிக்கிறார், எந்தப் பைக்குள் எந்த நிறம், எத்தனை நாளாகத் தெருவைக் கடக்கவில்லை. பலகை வந்த நாளிலிருந்து ஒருநாளும் கடக்கவில்லை. வைத்தியர் கேட்டுவிட்டு, சரி, இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார்.

"நினைக்கிற பக்கம் இண்டைக்கு வெறுமை, டொக்டர். நீங்கள் வந்து பாருங்கோ."

எழும்பினோம், வானம் இடிந்து விழுந்தது. ஜூன் மாத மழை எப்படியென்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். போச்சுது, எல்லாம் போச்சுது என்று நான் ஓடினேன். வெளியே தொட்டிக்குப் பக்கத்தில், ஹெர் பியூர்கி குடை பிடிக்க, சக்கர நாற்காலியில் டொறத்தி இருந்தார். மழை பலகையில் அடித்தது. தண்ணீர் மேல் இதழிலிருந்து கீழ் இதழுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, வரிசை வரிசையாக வழிந்து தொட்டிக்குள் ஓடியது. ஆடு அசையவில்லை. குட்டி அசையவில்லை. சுவிஸ் மாடும் நின்றது. அன்றைய காலைச் சாப்பாடு என்ன என்று தெரியாத மனுசி, எண்பது வருடத்துக்கு முன்னால் கற்றதில் ஒரு இதழ் பிசகவில்லை.

மார்ட்டின் குடையை மூடிவிட்டு மழையில் நின்றார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மா ஒரு கிழமை ஒருவரோடும் கதைக்க மாட்டா என்றார். ஏன் என்று அப்பாவும் கேட்டதில்லை, தானும் கேட்டதில்லை. சொல்லிவிட்டுக் கையில் கிடந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அது பிறகு வெளியே வரவே இல்லை. வைத்தியர் நல்ல மனிதர், தோற்றதைத் தோற்றதாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஒருவர் துணையோடு நீர்த்தொட்டிவரை நடை என்று மருந்துச் சீட்டில் எழுதினார். பிறாவ் ஸ்டோக்கர் என் பக்கம் திரும்பி "மிகவும் நல்லது" என்றார். அகராதியில் ஒரு சொல் கூடியது. அடுத்த மாதமே எங்கள் சேர்க்கைப் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி வந்தது, பிள்ளைப்பருவத்தில் உங்கள் கைகளும் கால்களும் என்ன வேலை செய்தன என்று. இப்போதுள்ள திரையிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. போன மாதம் தேடிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் வந்தேன்.

டொறத்தி அதற்குப் பிறகு இரண்டு கோடை இருந்தார். இன்னும் இரண்டு பலகை. கடைசிப் பலகைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது, உள்ளே காய்ந்த நீல இதழ்கள். மேல்கிணற்றுக் கிழவி, இந்த முறை கேட்டு வாங்கினதாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். தன்னுடைய யன்னலோரக் கட்டிலில், நீர்த்தொட்டிச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் டொறத்தி கண்ணை மூடினார்.

பத்து நிமிடப் பேச்சில் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.

அன்று மழை விட்ட பிறகு டொறத்தி நாற்காலியைப் பலகைக்குக் கிட்டத் தள்ளச் சொன்னார். ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். அடிவரிசையில் ஒரே ஒரு வெள்ளை இதழ் கழன்று தொட்டியின் விளிம்பில் கிடந்தது. மார்ட்டின் எடுத்து வைக்கப் போனார். தாய் அவர் கையைத் தட்டிவிட்டு, தானே எடுத்து, ஈரம் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

நான் பின்னுக்கு நின்றேன். "எனக்குக் கிணறு இல்லையே" என்றேன்.

"விசர்க்கதை கதைக்காதை," என்றார். "நீ கீழ்க்கிணறு."

பேர்னில் இருக்கிற அரசாங்கம் எனக்கு வதிவிடத் தாள் தரப் பதினொரு வருடம் எடுத்தது. இந்த மனுசி ஒரு பின்னேரத்தில் தந்தார். இதழை வாங்கி, அடிவரிசையில் வைத்து அழுத்தினேன்.

சளார் என்று புறங்கையில் ஒரு அடி. தலைகீழாக வைத்துவிட்டேனாம்.